நான்கு அஞ்சலட்டை அளவு ரப்பர்

பன்னிரண்டு வயதான ஒரு காருக்கு டயர் மாற்ற இரண்டு வாரம் யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டின் சயான் எஃப்ஆர்-எஸ். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய கார் இது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற பெயர்களிலும் விற்பனையானது. இரண்டு லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், ஏறத்தாழ 1,250 கிலோ எடை. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். வட கரோலினாவில் ராலே நகருக்கு அருகே குடியிருக்கிறோம். வாரநாள்களில் அலுவலகத்துக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ப்ளூ ரிட்ஜ் மலைச்சாலைக்கும் இந்தக் காரில் போகிறேன். 11 மைல் தூரத்துக்குள் 318 வளைவுகள் இருப்பதாகச் சொல்லப்படும் 'டெயில் ஆஃப் த டிராகன்' சாலையில் ஒரே ஒரு முறை ஓட்டியிருக்கிறேன். பந்தயத் தடத்தில் ஓட்டியதில்லை, ஓட்டும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்டுப்படியாகும் விலையில் டயர் தேடுகிறவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் டயரைப் பற்றித் தெரியாததால் அல்ல. தாம் உண்மையில் எப்படி ஓட்டுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராததால்தான்.

இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் மாட்டியிருந்தவை 215/45R17 அளவிலான (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) மிஷ்லின் பிரைமசி ஹெச்பி டயர்கள். எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன ப்ரியஸ் காரின் சில வகைகளிலும் இருந்த அதே மாடல் என்பதால், 'ப்ரியஸ் டயர்' என்று கேலி செய்யாத கார் பத்திரிகை அந்த நாளில் இல்லை எனலாம். தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடாவின் குழு அதைத் தெரிந்தேதான் செய்தது. பிடிப்பு மிதமாக இருந்தால், சாதாரண வேகத்திலேயே கார் எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது நழுவத் தொடங்குகிறது என்பதை ஓட்டுநர் உணரலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தகவலை இரண்டு தரப்பினரும் தமக்கு வசதியாகத் திரித்துக்கொள்கிறார்கள். 'கம்பெனியே சாதா டயர்தான் போட்டது, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்' என்பது ஒரு தரப்பு. 'கம்பெனி கஞ்சத்தனம் செய்துவிட்டது, பந்தய டயர் போட்டால்தான் இந்தக் காரின் உண்மையான முகம் தெரியும்' என்பது மறு தரப்பு. பிரைமசி ஹெச்பி சாதா டயர் அல்ல. ஈரச் சாலையில் நம்பிக்கையாக நிற்கக்கூடிய, நல்ல நிறுவனம் செய்த சம்மர் டயர், அதாவது குளிர் இல்லாத நாள்களுக்கான டயர் அது. பிடிப்பு மிதமானது என்றால் தரமும் மட்டமானது என்று ஆகிவிடாது. இந்த வேறுபாடு புரியாமல்தான் நான் முதல் முறை ஏமாந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. 1,250 கிலோவை நான்கு சக்கரங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 310 கிலோவுக்குச் சற்று அதிகம். டயரில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையைத் தாங்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 125 சதுர சென்டிமீட்டர் என்று வருகிறது. நம் ஊர் அஞ்சலகத்தில் விற்கும் அஞ்சலட்டை 14க்கு 9 சென்டிமீட்டர்; அதன் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். முடுக்குவதும் நிறுத்துவதும் வளைவதும் நான்கு அஞ்சலட்டை அளவு ரப்பரின் பொறுப்பு. பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த நான்கு அட்டைகளில் நூறு டாலர் மிச்சம் பிடிப்பதை என்னால் இப்போது புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் அப்படி மிச்சம் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

கார் வாங்கிய முதல் ஆண்டில், அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் டயர்களை ஒன்று 75 டாலர் வீதம் வாங்கிப் போட்டேன். பக்கவாட்டில் 'அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. தரையைத் தொடும் பரப்பில் வெட்டியிருந்த பட்டன்களின் வடிவம் அம்புக்குறி போலப் பார்க்க மிடுக்காக இருந்தது. காய்ந்த சாலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆகஸ்ட் மாத மாலை ஒன்றில் இடியுடன் மழை கொட்டி அப்போதுதான் நின்றிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டப் பாதையில் மணிக்கு 25 மைல் என்று பலகை இருந்த இடத்தில் 30 மைல் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். தினமும் அதே வேகத்தில் இறங்கும் பாதைதான் அது. பாதி வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கனமிழந்தது. வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டு முறை மின்னியது. பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. மின்னணுக் கட்டுப்பாடு பிடித்து நிறுத்தும்போது வலது பின்சக்கரம் புல்வெளியில் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, வண்டியில் கீறல்கூட விழவில்லை. இரண்டு நிமிடம் கழித்து ஒரு பழைய கேம்ரி அதே வளைவில் அதே வேகத்தில் சலனமில்லாமல் இறங்கிப் போனதுதான் என்னை உறுத்தியது.

அன்றிலிருந்து டயர் பற்றி யார் கேட்டாலும் நான் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: நனைந்த சாலையில் எத்தனை அடியில் நிற்கிறது? காய்ந்த சாலையில் இன்றைய டயர்கள் பெரும்பாலும் எல்லாமே தேறிவிடுகின்றன. ஈரத்தில்தான் ரப்பர் கலவையின் தரம் வெளிப்படுகிறது. மலிவு டயரில் குறைக்கப்படுவதும் அந்தக் கலவைக்கான செலவுதான். பட்டன் வடிவத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவில் விற்கும் டயரின் பக்கவாட்டில் மூன்று குறியீடுகள் இருக்கும்: ட்ரெட்வேர் எண் (கூடக்கூட மெதுவாகத் தேயும் என்று பொருள்), டிராக்ஷன் எழுத்து, வெப்பநிலை எழுத்து. பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்து, 500 என்று இருந்தால் 300ஐவிட நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கான சோதனை டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள 400 மைல் பாதையில், மொத்தம் 7,200 மைல் தூரம் நடக்கிறது. 100 என்று மதிப்பிட்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டி, தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் இறுதி எண்ணைப் பொறிப்பது அரசு அல்ல, தயாரிப்பாளர். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது ஓரளவு உதவும். ஒரு நிறுவனத்தின் 400ஐயும் இன்னொன்றின் 400ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. டிராக்ஷன் எழுத்து நேர்கோட்டில், ஈரத் தரையில், சக்கரம் பூட்டி இழுபடும்போது கிடைக்கும் உராய்வை மட்டும் சொல்கிறது. வளைவில் எப்படி இருக்கும், தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்குமா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. ஆனாலும் ஏஏ, ஏ, பி, சி என்ற அந்த வரிசையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏ என்பதற்குக் கீழே இறங்க எந்தக் காரணமும் இல்லை. என் 75 டாலர் டயரில் ட்ரெட்வேர் 500, டிராக்ஷன் ஏ என்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து சரியாக இருந்தும் வண்டி புல்லுக்குப் போனது. அதனால் இப்போதெல்லாம் அந்த எழுத்தை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, பல டயர்களை ஒரே காரில் மாட்டி ஒரே ஈரத்தடத்தில் நிறுத்திப் பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடிப் படிக்கிறேன்.

மறுகோடியில் நிற்பவர்கள் 'இருநூறு' கூட்டத்தினர். ட்ரெட்வேர் 200 என்று பொறித்த டயர்கள் ஒரு தனி இனமாகவே வளர்ந்துவிட்டன. எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் (கூம்புகளுக்கு நடுவே நேரம் கணக்கிட்டு ஓட்டுவது) ஸ்ட்ரீட் பிரிவுக்குக் குறைந்தபட்ச எண் 200 என்று விதி இருப்பதால், அந்த எண்ணைத் தொட்டபடியே எவ்வளவு பிடிப்பைத் திணிக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4 போன்றவை அந்த வகை. அவை அருமையான டயர்கள், அவற்றுக்குரிய இடத்தில். சூடேறிய பிறகுதான் முழுப் பிடிப்பைத் தருகிற ரப்பரை, காலை எட்டு மணிக்கு ஆறு மைல் ஓட்டி அலுவலக வாசலில் நிறுத்துகிறவர் வாங்கி என்ன செய்வது? பட்டன் ஆழம் குறைவு, பள்ளங்கள் குறைவு என்பதால் தண்ணீர் தேங்கிய இடத்தில் அவை சீக்கிரம் மிதக்கும். இரைச்சலும் அதிகம், தேய்மானமும் வேகம். நண்பர் ஒருவர் இந்த வகை டயரைப் போட்டு ஒரே ஆண்டில் மொட்டையாக்கிவிட்டு, அது பெருமைக்குரிய விஷயம் போலப் படம் அனுப்பினார். அவர் போட்டிக்குப் போனது அந்த ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே நான் தேடியது இரண்டுக்கும் நடுவே: சாலைக்கென்றே செய்த சம்மர் டயர், பெரிய நிறுவனத்தின் இரண்டாம் வரிசைப் பெயரில். இந்தத் துறையில் குடும்ப உறவுகளைத் தெரிந்துவைத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். ஜெனரல் டயர் 1987 முதல் கான்டினென்டலுடையது. பிஎஃப்குட்ரிச் மிஷ்லினுடையது; கூப்பர் 2021இல் குட்இயரிடம் போனது. நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டீன் 2009 முதல், நம் ஒரகடத்தில் ஆலை நடத்தும் அப்பல்லோவின் கையில் இருக்கிறது என்பது இங்குள்ள வெள்ளைக்கார நண்பர்களுக்கு நான் சொல்லும் சிறு தகவல். தாய் நிறுவனத்தின் முதல் வரிசை டயரில் இருப்பதெல்லாம் இரண்டாம் வரிசையில் இருக்காது. ஆனால் ஆய்வுக்கூடமும் சோதனைத் தடமும் வைத்திருக்கிற நிறுவனம் தன் பெயர் கெடும் அளவுக்கு ஈரப்பிடிப்பில் கைவைக்காது என்பது என் நம்பிக்கை. கடைசியில் நான் வாங்கியது ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500. ட்ரெட்வேர் 340. ஒன்று 140 டாலருக்குச் சற்றுக் கூட. மிஷ்லினின் பைலட் ஸ்போர்ட் வரிசை இதைவிட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் எனக்குக் கிடைத்த விலையில் நான்கு டயருக்கு முந்நூறு டாலர் வித்தியாசம். 30 மைல் வேகத்தில் வட்டப் பாதையில் இறங்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று யோசித்தேன், தெரியாது.

சம்மர் டயரா, எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசனா என்ற கேள்விக்கு வானிலையும் வீட்டு நிலவரமும்தான் பதில். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். உறைகுளிரில் ஓட்டினால் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். ராலேயில் ஜனவரிக் காலைகள் உறைநிலையைத் தொடும். எங்கள் வீட்டில் வேன் ஒன்று இருப்பதால், அந்த நாள்களில் இந்தக் கார் தூங்கும். உங்களிடம் இருப்பது ஒரே கார் என்றால், நல்ல பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் டயர் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளவை மட்டும் மாற்றாதீர்கள். 18 அங்குல ரிம் பார்க்க அழகுதான், ஆனால் வழக்கமாக ரிம்மின் எடையும் கூடும், டயரின் விலையும் கூடும், பள்ளத்தில் இறங்கினால் வளைவதும் எளிது. 215/45R17 நிறையக் கார்களுக்குப் பொதுவான அளவு என்பதாலேயே அதில் போட்டியும் தேர்வும் அதிகம்.

மாட்டும் நாளில் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு டயர்களையும் தரையில் அடுக்கியிருந்தார்கள். குனிந்து, கைபேசி விளக்கைப் பிடித்து, டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படித்தேன். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று டயர்கள் அதே ஆண்டில் செய்தவை. நான்காவதில் 1120 என்று இருந்தது, அதாவது 2020ஆம் ஆண்டின் பதினொன்றாவது வாரம். ஐந்து ஆண்டு பழைய சரக்கு, புது விலைக்கு. சுட்டிக்காட்டியதும் அங்கிருந்தவர் மறுப்புச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், பதினைந்து நிமிடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தார். கேட்டிருக்காவிட்டால் அதைத்தான் மாட்டியிருப்பார்கள். அந்தக் குறியீடு சில வேளைகளில் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருக்கும். மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் பார்ப்பது கடினம், ஆகவே மாட்டும் முன் பாருங்கள்.

கழற்றிய டயர்களும் ஒரு கதை சொன்னன. வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் பாதி பட்டன் மிச்சம் இருந்தது. உள் ஓரத்தில் விரலை வைத்தபோது ஊசி குத்தியதுபோல் இருந்தது. ரப்பர் தேய்ந்து எஃகுக் கம்பி இழைகள் வெளியே வந்திருந்தன. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியிருக்கிறார், அதற்குப் பிறகு யாரும் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பதினெட்டு மாதம்கூட வராத அந்த 300 டாலரை மலிவு என்று எப்படிச் சொல்வது? இந்த முறை நூறு டாலருக்கு மேல் கொடுத்து அலைன்மெண்ட் செய்து, எண்கள் அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கையும் சேர்த்து வாங்கக் கையில் பணம் இல்லாமல் இரண்டு மட்டும் வாங்குகிறவர்கள், புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

புது டயரின் மேல்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால், முதல் 500 மைல் வரை நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள். எனக்கு 340 மைல் ஆகியிருக்கிறது. நேற்று மழை பெய்தது. அதே வட்டப் பாதையில் 25இல் இறங்கினேன்.