புரட்டிய கல்லைத் திரும்ப வைப்பது

பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலைச் சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் முழுசாகக் கெடுத்திருக்கிறேன். குப்பை பொறுக்க ஆளுக்கொரு பை, ஒரு ஜோடி கையுறை. பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம் பிளாஸ்டிக்கின் தீமைகள் பற்றி என் சொற்பொழிவு. போய்ச் சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஒன்பது வயது மகள் பையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, இது ஹோம்வொர்க் மாதிரி இருக்கு." ஆறு வயதுக்காரன் அதற்கு முன்பே ஓடிப்போயிருந்தான்.

அன்று கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஒருநாள்கூட ஆசைதீர விளையாடாத இடத்தை அவள் எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்?

லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்காவின் கென்டக்கியிலும் நார்வேயிலும் சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் 56 பேரிடம், இந்த வேலைக்குள் எப்படி வந்தீர்கள் என்று பேசிப் பார்த்தார். அவர்கள் பதில்களில் அடிக்கடி வந்தவை இரண்டு: மனதுக்கு நெருக்கமான ஒரு காடோ ஆற்றங்கரையோ, அதை மதித்து நடந்த குடும்பத்தினர் ஒருவர். எல்லாம் நினைவிலிருந்து சொன்னதுதான். வெளியே விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு நான் இந்த இரண்டையும் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. பையைத்தான் கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் பையே எடுக்கவில்லை. சும்மா போனோம், சும்மா வந்தோம். (காரணம் இல்லாமல் வெளியே போக மனம் வராதவர்களுக்கு ஒரு காரணம்: சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு.)

மகன் கல் புரட்ட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு ஊர் இருக்கிறது. மண்புழு, மரவட்டை, வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு பதறி ஓடும் எறும்புகள். முட்டை என்றுதான் நானும் சொல்லிக் கொடுத்தேன். அரிசி போலத் தெரிபவை பெரும்பாலும் எறும்பின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும். முட்டை அதைவிட மிகச் சின்னது என்று பிறகுதான் படித்தேன். மண்புழு தோலால் மூச்சுவிடுகிறது, தோல் காய்ந்தால் செத்துவிடும் என்றதும் அவன் கேட்டான், "அப்ப நான் திறந்து போட்டுட்டு வந்த கல்லெல்லாம்?" போனோம். ஞாபகம் இருந்த கல் ஒவ்வொன்றையும், கீழே இருப்பது நசுங்காமல், பழைய குழியிலேயே திரும்ப வைத்தோம். நான் பேசிய எந்தச் சொற்பொழிவும் இதைச் செய்ய வைத்திருக்காது.

பை தானாகவே திரும்பி வந்தது. மகள் ஒருநாள் சிகரெட் துண்டைக் காட்டி, "பஞ்சுதானே, மக்கிடும்ல?" என்றாள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். அடுத்த வாரம் பையை அவளே எடுத்து வந்தாள். கண்ணாடிச் சில்லும் ஊசியும் மட்டும் பெரியவர்கள் வேலை என்று பேசிக்கொண்டோம். என் அம்மாவுக்குக் குனிய முடியாது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து பறவைக் குரல்களை எண்ணுகிறார். பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் பார்த்தாலே போதும் என்றதிலிருந்து அவருக்கு ஒரே பெருமை. வீட்டிலேயே அவர்தான் இதில் தீவிரம்.

கூட்டமாகப் போய்ச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சி ஒன்றுக்கும் போனோம். தூக்கியெறியும் தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அதைப் பற்றி வேறென்ன சொல்ல. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு முதல் அனுபவம் அதுவாக இருக்க வேண்டாம் என்கிறேன்.

போன வாரம் நானும் ஒரு கல்லைப் புரட்டினேன். பார்த்துவிட்டு வைத்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். பின்னாலிருந்து சத்தம்: "அப்பா, தலைகீழா வச்சிட்டப்பா."