800 மடங்கு ஜூம்

(சென்னை, 2005. பேரனின் காதுகுத்து நெருங்குகிறது. மின்வாரியக் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற நாதன் கையில் கேம்கார்டர் விளம்பரத் தாள். மருமகள் கலா கீரை ஆய்கிறாள். அவளுடைய அண்ணன் கல்யாண வீடியோக்காரர் என்பதை நாதன் அடிக்கடி மறந்துவிடுவார்.)

நாதன்: கலா, பார்த்தாயா? 800 மடங்கு ஜூம்! கோயில் வாசலில் நின்றபடியே அம்மன் மூக்குத்தியைப் பிடித்துவிடலாம்.

கலா: ஓரத்தில் பொடி எழுத்தில் 20 என்று போட்டிருக்கிறதே, அதுதான் மாமா லென்ஸ் செய்கிற வேலை. மீதியெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிற மாதிரி. மூக்குத்திக்குப் பதில் நாலு கட்டம் தெரியும்.

நாதன்: பர்மா பஜாரில் இதே கேமரா மூவாயிரம் குறைவாம்.

கலா: அமெரிக்காவுக்காகச் செய்ததாக இருக்கும். அது என்டிஎஸ்சி என்கிற வீடியோ முறை, விநாடிக்கு 30 படம். நம்முடையது பிஏஎல், 25.

நாதன்: ஐந்து படம் கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதானே!

கலா: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மண்டபத்து டியூப்லைட்டில் எடுத்தால் வெளிச்சம் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மின்வாரியத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நாதன்: நான் கணக்குப் பிரிவு அம்மா. அங்கே சிமிட்டியதெல்லாம் மேலதிகாரியின் கண்தான்.

கலா: கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். விரல் மைக்கை மூடக்கூடாது. அடியில் கேசட் போடுகிற மாடல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். இன்னொரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள்.

நாதன்: சரி. விலையைப் பற்றி உன் அத்தை கேட்டால் மட்டும் உனக்கு எதுவும் தெரியாது.

(காதுகுத்து முடிந்த மறுநாள். டிவி முன்னால் இருவரும்.)

கலா: இதென்ன மாமா, பச்சைக் கரை?

நாதன்: என் வேட்டி. பொறு, ஆசாரி ஊசியை எடுக்கப்போகிறார்.

கலா: எடுத்துவிட்டார்... அட! குழந்தை லட்டு தின்கிறான். காது குத்தியாகிவிட்டதா?

நாதன்: சரியாக அந்த நேரத்தில்தானே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்!

கலா: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை அழுத்தி நிறுத்தியிருக்கிறீர்கள். பிறகு நிறுத்துவதாக நினைத்து ஓடவிட்டிருக்கிறீர்கள். இதோ, மறுபடியும் வேட்டி.

நாதன்: துல்லியத்தைப் பார்! நூலை எண்ணலாம்.

(டிவியில் நாதனின் குரல்: "இருபத்திரண்டாயிரம், சம்பந்தி! வீட்டில் எட்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.")

கலா: மைக் பிரமாதம் மாமா.

நாதன்: அழிக்கிற பொத்தான் எது?

கலா: இந்தக் கேசட்டில் அதெல்லாம் கிடையாது. அதன் மேலேயே வேறு எதையாவது பதிவு செய்தால்தான் பழையது போகும். எத்தனை நிமிடம் இருக்கிறதோ அத்தனை நிமிடம் ஓட வேண்டும். விலையை வேறு யாரிடமாவது சொன்னீர்களா?

நாதன்: பந்தியில் இருந்த எல்லோரிடமும்.

கலா: அப்படியென்றால் வேட்டி முழுவதும் போயாக வேண்டும். முப்பத்தைந்து நிமிடம்.

(சமையலறையிலிருந்து அத்தையின் குரல்: "படம் ஆரம்பித்துவிட்டதா? இதோ, கை கழுவிவிட்டு வருகிறேன்.")

நாதன்: (கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி) இல்லை, இல்லை! இப்போதுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்!

கலா: மாமா, சிவப்பு விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை அழுத்துங்கள்.