மாமாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் சின்ன மாமாவைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுகிறார்கள். "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்!" கேட்பவர்கள் பாசத்தோடுதான் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பரீட்சை.

மாமாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு வந்தது. பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது அதிகம் தலைகாட்டும். 'நான் இன்னார்' என்று ஒருவன் தன் கதையைக் கட்டிக்கொள்ளும் வயதும் அதுதான்.

இந்த நோய் உள்ள பலருக்குச் சொந்த வாழ்க்கை ஞாபகம் பொத்தாம்பொதுவாக இருக்கும் என்கின்றன ஆய்வுகள். "ரப்பர் தோட்டத்துல இருந்தோம், அம்மா பால் வெட்டப் போவாங்க" என்பது வரும். ஒரு குறிப்பிட்ட நாள், அன்று யார் கூட இருந்தார், மனசு எப்படி இருந்தது என்பதெல்லாம் வராது. வந்தாலும் சிலருக்கு யாரோ ஒருவரை வெளியே நின்று பார்ப்பதுபோல வரும். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வியை மாற்றினால் பதிலும் மாறுகிறது. குறிப்பாகக் கேட்டால் விவரம் கூடுகிறது என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். "சின்ன வயசு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் மாமா தலையாட்டுவார், அவ்வளவுதான். "அம்மா பெரட்டுக்குப் போனப்புறம் ஆயாக்கொட்டகையில என்ன குடுப்பாங்க?" என்றேன். (பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு; ஆயாக்கொட்டகை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்.) ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்த ஆயா, அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து, அதைப் பிடுங்கி வாங்கிய அடி என்று வரிசையாக வந்தது.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்பு. எந்த லயம் எங்கே இருந்தது என்று நமக்கே சண்டை வருகிறது!

எனக்குப் பெரிய கோபம் வேறு. நோய் முற்றிய நாளில் அவர் நடுரோட்டில் பஸ்ஸை மறித்தாரே, அதை மட்டும் ஊரே நிறம் மணத்தோடு ஞாபகம் வைத்திருக்கிறது. அவர் எதிரிலேயே சொல்லிச் சிரிக்கிறது. கூடவே 'தஞ்சோங் ரம்புத்தான்' ஜோக்கு. 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். சொந்த ஞாபகம் மங்கிய மனிதருக்கு நாம் திருப்பிக் கொடுப்பது அந்த ஒரு நாளைத்தானா? அதைக் கேட்டுக் கேட்டு அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்?

தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவில் அவர்தான் கோல்கீப்பர். அந்தக் காலத்துப் படம் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். கோயில் திருவிழாவுக்கு வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுங்கள். யார் எந்தப் பக்கம் ஆடினார்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.