தினமும் பரோலோவா?
பியெமோன்ட் என்பது இத்தாலியின் வடமேற்கு வட்டாரம், பரோலோ அங்கத்து சிவப்பு ஒயின். "பியெமோன்ட் மக்கள் தினமும் குடிப்பது பரோலோ" என்று நான் படித்த ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை மட்டும் ஏற்க முடியவில்லை. அங்கே சிவப்பு ஒயினுக்காக அதிகம் பயிராவது பார்பெரா என்ற திராட்சை. பரோலோவுக்கான நெபியோலோ திராட்சை அதைவிடக் குறைவான நிலத்தில்தான் விளைகிறது. நான் அந்த வட்டாரத் தலைநகரான தூரினில் இரண்டு வருடம் இருந்தபோது வீட்டுக்கார அம்மா மதியச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தது பார்பெராதான், அதுவும் லேபிள் இல்லாத பாட்டிலில். பூண்டையும் நெத்திலியையும் எண்ணெயில் கரையவிட்டுச் செய்யும் பாஞ்ஞா காவ்தாவில் காய்களைத் தோய்த்துத் தின்னும்போது, அந்த ஒயினின் புளிப்பு நாக்கில் ஒட்டிய எண்ணெயை அப்படியே வழித்துக்கொண்டு போகும். பரோலோவை அவர் கிறிஸ்துமஸுக்குத்தான் திறந்தார். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் வைத்த பிறகே விற்கலாம் என்பது விதி, பிறகு விலை எப்படி இருக்கும்? பார்த்தால் வெளிறிய சிவப்பு, குடித்தால் பச்சைப் பாக்கைக் கடித்த துவர்ப்பு. முதல் தடவை நான் நன்றாக ஏமாந்தேன். பார்பெராவின் பெயர் 1986-இல் மெத்தனால் கலப்படத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது கெட்டது உண்மைதான், ஆனால் அது திராட்சையின் குற்றமில்லையே. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், அங்கத்து இன்னொரு சிவப்பு ஒயினான டோல்செட்டோவை இனிப்பு ஒயின் என்று எழுதியிருக்கிறார். பெயரில்தான் இனிப்பு, ஒயினில் கிடையாது. இனிப்பு வேண்டுமென்றால் அதே வட்டாரத்து மொஸ்காதோ தாஸ்தியைக் கேளுங்கள், ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.