மணிக்கூலிச் சராசரி ஏறினால் எல்லோருடைய கூலியும் ஏறியதாகாது

'வளர்ந்த நாடுகளில் உற்பத்தித் துறையின் சராசரி மணிக்கூலி உயர்ந்தால், அங்குள்ள ஒவ்வொரு தொழிலாளியின் கூலியும் அதே அளவு உயர்ந்துவிட்டது என்று பொருள்' என்ற கூற்று சமூக ஊடகங்களில் பரவி வருகிறது. இது தவறு.

சராசரி என்பது மொத்தக் கூலியை மொத்த வேலைமணிகளால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே, எவருடைய கூலியும் மாறாமலேயே, குறைந்த கூலி பெறுவோர் வேலையிழந்து கணக்கிலிருந்து வெளியேறினால் அது தானாகவே உயரும். இதற்கு மிகத் தெளிவான சான்று உற்பத்தித் துறை மட்டுமல்லாது தனியார் துறை முழுவதையும் தழுவிய கணக்கிலேயே உள்ளது: 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமானோர் வேலையிழந்த அதே மாதத்தில், சராசரி மணிக்கூலி 4 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாகப் பதிவானது. அதைச் செழிப்பின் அடையாளமாகக் காட்டுவது, மென்மையாகச் சொன்னால், பொறுப்பின்மை.

உற்பத்தித் துறைக்கே உரிய இன்னொரு சிக்கல் மிகைநேரப் பணி. அமெரிக்கக் கணக்கில் மிகைநேரத்துக்கான கூடுதல் ஊதியமும் சேர்வதால், ஆலைகளில் வேலை குவியும் மாதங்களில் அடிப்படைக் கூலி விகிதம் அசையாதபோதும் சராசரி ஏறும். இதற்காகவே மிகைநேரத்தை நீக்கிய எண்ணையும் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் தனியே வெளியிடுகிறது. குறைந்த கூலி பெறுவோர் வெளியேறுவதால் எண் ஏறும் முதல் சிக்கலைத் தவிர்க்க, தொழில்களின் விகிதத்தை நிலையாக வைத்துத் தொழிலாளர் செலவின் மாற்றத்தைக் கணக்கிடும் வேலைவாய்ப்புச் செலவுக் குறியீடும் உண்டு.

விலைவாசி உயர்வைக் கழிக்காத வரை, கூலியின் வாங்கும் திறனைப் பற்றி இந்தச் சராசரி எதுவும் சொல்வதில்லை.