அடைப்புக்குறிக்குள் தொழிலைப் போட்டால் ஆள் பிரிந்துவிடுவாரா?

ஒரே பெயரில் இரண்டு பிரபலங்கள் என்றால், பெயருக்குப் பக்கத்தில் ‘எழுத்தாளர்’, ‘நடிகர்’ என்று அடைப்புக்குறி போட்டு வேலையை முடித்துவிடுகிறோம். பாதி இடங்களில் அது உதவாது. முதல் அடையாளம் பிறந்த தேதி, தொழில் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

வின்ஸ்டன் சர்ச்சிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பிரதமர் 1874 நவம்பரில் பிறந்தவர். அதே பெயரில் அமெரிக்க நாவலாசிரியர் ஒருவர் 1871 நவம்பரில் பிறந்திருக்கிறார். இருவரும் எழுத்தாளர்கள். இருவரும் அரசியலுக்குப் போனார்கள். அமெரிக்கர் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் இருந்தவர். போதாக்குறைக்கு இருவரும் ஓவியமும் வரைந்தார்கள்! எந்தத் தொழிலைப் போட்டுப் பிரிப்பீர்கள்? 1899இல் அதிகம் விற்ற பெயர் அமெரிக்கருடையது. அதனால் பிரிட்டிஷ்காரர்தான் கடிதம் எழுதி, இனி ‘ஸ்பென்சர்’ சேர்த்துக் கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டார். அவருடைய புத்தக அட்டைகளில் நடுவில் நிற்கும் ‘எஸ்’ அப்படி வந்ததுதான்.

ஜான் வில்லியம்ஸ் இன்னொரு பொறி. இசையமைப்பாளர் 1932இல் பிறந்தவர், கிதார் கலைஞர் 1941இல் பிறந்தவர். ‘இசைக்கலைஞர்’ என்றால் இருவருக்கும் பொருந்தும். ‘திரை இசை’ என்றாலும் தப்ப முடியாது: 1977இன் ஸ்டார் வார்ஸ் இசை முதலாமவருடையது, 1978இன் தி டீர் ஹன்டர் படத்தில் கிதார் வாசித்தவர் இரண்டாமவர். பிரான்சிஸ் பேக்கன் மாதிரி ஆட்களில் இந்தத் தொல்லை இல்லை. தத்துவவாதி 1561, ஓவியர் 1909.

ஆண்டு மட்டும் போதுமா என்றால், அதுவும் சில சமயம் காலை வாரும். வனெசா வில்லியம்ஸ் என்ற பெயரில் இரண்டு அமெரிக்க நடிகைகள். இருவருமே 1963இல் பிறந்தவர்கள், ஒருவர் மார்ச், மற்றவர் மே. சோல் ஃபுட் என்ற 1997 படத்தில் ஒருவரும், அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடரில் மற்றவரும் நடித்திருக்கிறார்கள். ஆகவே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

இனிஷியலை நம்பி இறங்க வேண்டாம். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் நடுப்பெயர் ஆண்ட்ரூ. நடிகர் சங்கத்தில் மைக்கேல் ஃபாக்ஸ் என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் அந்த ‘ஜே’யை அவராகவே சேர்த்துக்கொண்டார். இனிஷியலைப் பார்த்ததும் ஊகத்தில் விரித்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆளை மாற்றிவிட்டோமா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. படைப்பு வெளியான ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள். விடை 6 என்றோ 115 என்றோ வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஆனால் இறந்த ஆண்டை வைத்து அவசரப்பட்டு நீக்கவும் கூடாது. கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி இறந்தது 1705இல், அவருடைய நிகழ்தகவு நூல் அச்சானது 1713இல். அந்தக் குடும்பமே ஒரு தனிக் காடு: யோஹான் என்ற பெயரில் மட்டும் மூன்று கணித அறிஞர்கள். திரவங்களும் வாயுக்களும் ஓடுவதைப் பேசும் பாய்ம இயக்கத்தில் வரும் பெர்னூலி, அதாவது 1738இல் அதுபற்றி நூல் வெளியிட்டவர், யாக்கோபின் தம்பி மகன் டேனியல். குடும்பப் பெயரை மட்டும் எழுதுவதைப் பாடநூல்கள் இன்னும் விடவில்லை.

புகைப்படத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். தேடுபொறி காட்டும் பெட்டியில் ஒருவரின் குறிப்பும் இன்னொருவரின் முகமும் சேர்ந்து வருவதுண்டு. படத்தின் மூலப் பக்கத்துக்குப் போய், எடுத்த ஆண்டையும் இடத்தையும் பாருங்கள். அஞ்சலிப் பதிவு என்றால் இதைச் செய்யாமல் வெளியிடவே வேண்டாம். உயிரோடிருப்பவரின் முகத்துக்கு மாலை போட்டுவிடுவோம்.

ஆய்வாளர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) 2012 முதல் இருக்கிறது. கடைசி இடத்தில் ‘எக்ஸ்’ வந்தால் தட்டச்சுப் பிழை என்று திருத்தாதீர்கள், அது எண் சரியா என்று பார்க்க மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி.

தேதியே கிடைக்காத பழம்புலவர்களுக்கு, யாரைப் பாடினார், எந்தத் தொகுப்பில் இருக்கிறார் என்பதுதான் அடையாளம். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறநானூற்று ஔவையாரும், ஆத்திசூடி தந்த பிற்கால ஔவையாரும் வேறு வேறு. நெல்லிக்கனி உண்டு நெடுங்காலம் வாழ்ந்தார் என்று இருவரையும் ஒரே பாட்டியாக்குவது கதைக்கு அழகு. வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது பாடலுக்குப் பக்கத்தில் தொகுப்பின் பெயரையும் பாடல் எண்ணையும் போட்டுவிடுங்கள்.