எங்கள் ஆச்சிமார் அப்பன் பெயர் தெரியாதவர்கள் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். காணொளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசியவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பண்பாட்டு ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார்கள். மருமக்கள் வழி, அதாவது ஒருவனுடைய சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கும் எங்கள் பழைய வழக்கம், அப்பன் யாரென்று உறுதியாகத் தெரியாதவர்கள் சொத்தைக் காப்பாற்றச் செய்துகொண்ட ஏற்பாடு என்றார் அவர். அரங்கம் சிரித்தது. கையும் தட்டியது. எனக்குப் பேசியவர்மேல் பாதி வருத்தம், சிரித்தவர்கள்மேல் மீதி. நாஞ்சில் நாடு என்கிற எங்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் எத்தனை வீடுகளில் பழைய பத்திரங்களை எடுத்தால் மருமக்கள் வழிப் பாகம்தான் எழுதியிருக்கும் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதா?

நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் பெண்ணைக் கட்டி, புருஷன் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தார்கள். குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் அப்பன் வீட்டில் வளர்ந்தார்கள். அவன் கண்ணை மூடினால் குடும்பச் சொத்து சகோதரி மக்களுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு உண்டு. அப்பன் யாரென்றே தெரியாத ஊரில் அப்பன் சொத்தில் பிள்ளைக்குப் பங்கு எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியை அவர் தனக்குள் கேட்டிருந்தால் போதும், அந்த வாக்கியம் வாயில் வந்திருக்காது.

எங்கள் ஆச்சியின் அப்பா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். வீடும் பெரும் வயல்களும் அவருடைய மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போயின. பிள்ளைகளுக்கு வந்தது ஒரு துண்டு வயல். ஆச்சி சாகும்வரை அதை ‘அப்பா வயல்’ என்றுதான் சொன்னாள். நடவுக்கு ஆள் விட்டாலும், வெயிலானாலும், தானே வரப்பில் போய் நிற்பாள். விற்கலாம் என்று என் மாமா ஒருமுறை பேச்செடுத்தபோது இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவளைத்தான் அந்த அரங்கம் சிரித்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

‘அவர் நாஞ்சில் நாட்டைச் சொல்லவில்லை, நாயர்களைச் சொன்னார்’ என்று ஒரு நண்பர் சமாதானம் சொல்கிறார். நாயர்களைப் பற்றியும் அது பொய்தான். 1940களின் கடைசியில் கேரளத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், 1959இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். பழைய மத்திய கேரளத்தில் ஒரு நாயர் பெண்ணுக்குச் சம்பந்தக்காரர், அதாவது ஊரறிய உறவு வைத்த ஆண், ஒருவருக்கு மேல் இருக்கலாம். ஆனால் குழந்தை பிறந்ததும் தகுந்த குலத்து ஆண் ஒருவன் மருத்துவச்சிக்கு உரியதைக் கொடுத்து, பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று ஊரறிய ஏற்க வேண்டும். யாரும் ஏற்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு மிகக் கடுமையான தண்டனை. தகப்பனை ஊர் கேட்டது. அவன் கையில் சொத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தகப்பன் இருப்பது ஒன்று, சொத்து எந்த வழியில் இறங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் மானிடவியலில் முதல் பாடம். 1915 முதல் 1918 வரை நியூ கினி அருகே டிரோபிரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பார்த்ததும் அதையே: பிள்ளையைத் தூக்கிச் சுமந்து கொஞ்சி வளர்ப்பவன் அப்பன், அதிகாரமும் உரிமையும் தாய்மாமனிடம். இந்தோனேசியாவில் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள். அவர்களுடைய பரம்பரை வீடும் நிலமும் இன்றும் பெண் வழியில்தான் இறங்குகின்றன. அவர்களிடம் போய் இதே வாக்கியத்தைச் சொல்வாரா அவர்?

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலிப் பக்கம். என் அத்தை, அதாவது மாமியார், தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் முகத்தைச் சுளித்து ‘சொந்தம் அம்மாவனெயோ?’ (சொந்தத் தாய்மாமனையா?) என்றாள். அன்றைக்கு மத்தியானம் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்த என் அத்தையை அந்த ஒரு முகச்சுளிப்பு என்னவாக்கியது என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் அவள் ஏன் சுளித்தாள் என்று எனக்குப் பிறகு புரிந்தது. தாய்வழியில் குலம் எண்ணுகிற வீட்டில் அக்காள் மகள் தன் தறவாட்டுப் பிள்ளை, தன் தாய்வழிக் குடும்பத்துப் பிள்ளை. அவளைக் கட்டுவது கூடப்பிறந்தவளைக் கட்டுவதற்குச் சமம். தகப்பன் வழியில் எண்ணுகிற வீட்டில் அதே பெண் அக்காள் புருஷனின் குலம், அதனால் முறைப்பெண். தன் குலத்தில் பெண் எடுக்காதே என்ற ஒரே கட்டளைதான் இரண்டு பக்கமும். குலத்தை எண்ணுகிற வழி மாறியதால் ஒரு பக்கம் பாவமானது இன்னொரு பக்கம் உரிமையானது. மாமன் மகளைக் கட்டலாம், பெரியப்பா மகள் தங்கை என்பதில் இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடே இல்லை. 1955இன் இந்துத் திருமணச் சட்டம்கூட இப்படிப்பட்ட உறவு மணங்களுக்கு, வழக்கம் இருக்குமானால் என்று இடம்விட்டுத்தான் எழுதப்பட்டது.

ரத்த உறவில் கட்டினால் பிள்ளைகளுக்கு நோய் வருமே என்று கேட்பீர்கள். அது டாக்டர் சொல்ல வேண்டியது, சொல்லட்டும், கேட்போம். என் மகளுக்கு நானும் உறவில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசியவர் மருத்துவம் பேசவில்லை.

‘கவிமணியே மருமக்கள் வழியைக் கிழித்துத் தொங்கவிட்டாரே’ என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஆமாம், ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்ற பாடலில் ஒருவருடைய ஐந்தாம் மனைவியின் அழுகையை எழுதினார். காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண், கண்மூடியதும் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வந்த கொடுமை உண்மை. எங்கள் ஆச்சி வீட்டிலும் அது நடந்தது. தாய்வழி என்றால் பெண்ணாட்சி என்று நானும் சொல்லவில்லை, சாவி காரணவரின் மடியில்தான் இருந்தது. கவிமணி அந்த வீடுகளுக்குள்ளிருந்து, அந்தப் பெண்களுக்காக எழுதினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து வழியே மாறியது. அந்த அழுகையை எழுதியவரையும் அந்தப் பெண்களின் ஒழுக்கத்தைச் சிரித்தவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சாதிப் பெருமை பேசுகிறேன் என்று ஏற்கனவே ஒருவர் உள்பெட்டியில் எழுதிவிட்டார். என் பாட்டியை அவமதித்தால் வலிக்கிறது என்பது சாதிப் பெருமையா? கேரளத்துக்கு வக்காலத்து என்று இன்னொருவர். 1956 நவம்பர் 1 அன்று இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக அடிபட்டவர்கள், உயிர்விட்டவர்கள் எங்கள் ஆட்கள். இத்தனை வருடம் கழித்தும் நான் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஒவ்வொரு பேச்சிலும் நிரூபிக்க வேண்டுமா? திருவனந்தபுரத்தில் நான் பாண்டிக்காரி. மதுரை தாண்டினால் என் பேச்சைக் கேட்டு, நீங்கள் மலையாளமா என்கிறார்கள். நாகர்கோவிலிலாவது, என் சொந்த ஊர் அரங்கத்திலாவது, என் வீட்டுப் பெண்களை மரியாதையாகப் பேசுவார்கள் என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் நடத்தியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த வாக்கியம் தவறு என்று மேடையிலோ எழுத்திலோ சொல்லுங்கள். அதுவரை உங்கள் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன், சந்தாவும் தரமாட்டேன். காணொளியைச் சிரிப்புப் படத்தோடு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட சித்தப்பா, நீங்கள் ஆச்சி கையால் சோறு தின்று வளர்ந்தவர். அதை எடுத்துவிடுங்கள்.